வாழ்வு மரமும் தைஜி வரைபடமும்: ஒன்றின்மேல் ஒன்றை வைக்கலாமா?

மரநிழல் எழுதியது:

யூத மறைஞான மரபான கபாலாவின் வாழ்வு மரத்தின்மேல் சீனத்தின் யின்-யாங் வட்டத்தைப் பதித்த படம் ஒன்று குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. கூடவே ‘யூத ஞானமும் சீன ஞானமும் சொல்வது ஒன்றே’ என்று ஒரு வாசகம். தள்ளவும் மனம் வரவில்லை, அப்படியே ஏற்கவும் முடியவில்லை. இங்கே இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கம். கபாலாவில் எல்லாவற்றுக்கும் அப்பால் இருப்பது எயின் ஸோஃப், எல்லையற்றது. அதிலிருந்து பத்து செஃபிரோத், அதாவது இறைவனின் வெளிப்பாட்டு நிலைகள், வெளிப்படுகின்றன. உச்சியில் கெத்தெர் என்னும் மகுடம். அதன்கீழ் ஞானமாகிய ஹொக்மா, அறிவாகிய பினா. பிறகு அருளான ஹெஸெத், கண்டிப்பான கெவுரா, இரண்டுக்கும் நடுவே அழகான திஃபெரெத். அடுத்து நேட்சா, ஹோத், யெஸோத். அடியில் மல்ஹூத், அதாவது அரசு; இறைவன் உலகோடு தங்கும் ஷெகினா. வலம், இடம், நடு என்று மூன்று தூண்கள். வட்டங்களை இணைக்கும் 22 பாதைகளுக்கு ஹீப்ருவின் 22 எழுத்துகள்.

சீனத்தில் நான் எடுத்துக்கொள்வது சோங் காலத்து ஜோ துன்யி (1017–1073) விளக்கிய தைஜி வரைபடம். தைஜி என்றால் எல்லாவற்றுக்கும் மூலமான பேரெல்லை. ஐந்து அடுக்கு. மேலே வெற்று வட்டம். அடுத்தது கறுப்பும் வெள்ளையும் பாதிப் பாதியாக வளையமிட்ட வட்டம், இயங்கும் யாங்கும் அசைவற்ற யின்னும். மூன்றாவது நெருப்பு, நீர், மண், மரம், உலோகம் ஆகிய ஐந்து. நான்காவது ஆண், பெண் தத்துவங்கள். ஐந்தாவது, பத்தாயிரம் பொருள்களின் பிறப்பு.

இரண்டுமே சொல்லுக்கு எட்டாத ஒன்றில் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து, உலகம் வரை இறங்குகின்றன. இந்த ஒற்றுமை மேலோட்டமானதா, உள்ளே வரை போகிறதா?

காகிதக்கப்பல் எழுதியது:

நல்ல இழை, மரநிழல். உள்ளே போவதற்கு முன் படங்களின் வயதைப் பார்த்துவிடுவோம். அந்தப் படத்தில் இருக்கும் இரண்டுமே அந்தந்த மரபின் ஆதி வடிவங்கள் இல்லை.

பத்து செஃபிரோத்தும் 22 எழுத்துகளும் சேர்ந்து 32 பாதைகள் என்ற கணக்கு செஃபெர் யெட்சிராவில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு நூல் மரம் எதையும் வரையவில்லை. செஃபிரோத்தை இறைவனின் உள்வாழ்வாகப் பேசும் மரபு 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சில் பஹிர் என்ற நூல் வழியாகத் துலங்கி, 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் காஸ்தீலில் ஸோஹர் என்ற நூல் வழியாக விரிந்தது. அச்சில் பேர்போன மரம் 1516-இல் ஆக்ஸ்பர்க்கில் வந்தது. ஜோசப் கிகாதில்லாவின் ‘ஒளியின் வாயில்கள்’ நூலுக்கு லத்தீன் மொழிபெயர்ப்பு வந்தபோது, முகப்பில் ஒருவர் உட்கார்ந்து பத்து வட்ட மரத்தைக் கையில் பிடித்திருப்பார். இன்று கைபேசியில் சுற்றும் மரம் அதுவும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட வடிவத்திலிருந்து, 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவினர் வழியாக வந்தது. யூதக் கபாலாவாதிகள் தங்களுக்குள் வரைந்தவை ‘இலனோத்’ எனப்படும் தோல் சுருள்கள். பல மீட்டர் நீளம். ஹைஃபா பல்கலைக்கழகத்தில் அவற்றைத் தேடித் தொகுக்கிறார்கள். ஒரு சுருளின் மரம் அடுத்த சுருளில் அப்படியே இருக்காது.

சீனப் பக்கமும் இதே கதைதான். ஒன்றையொன்று தழுவும் இரண்டு மீன்கள் போன்ற யின்-யாங் வட்டம் ஜோ துன்யியின் வரைபடத்தில் எங்கேயும் இல்லை. அது மிங் காலத்தில் பரவிய வடிவம். 14-ஆம் நூற்றாண்டின் ஜாவ் ஹுய்சியன் நூலில் அதன் முன்னோடியைப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒட்டவைக்கும் வேலை 20-ஆம் நூற்றாண்டு மேற்கத்திய மறைஞானிகளுடையது. அலெய்ஸ்டர் குரோலி, சீனக் குறிநூலான யிஜிங்கின் எட்டு முக்கோட்டு வடிவங்களைச் செஃபிரோத் மரத்தில் இடம் பிரித்து உட்காரவைத்தார். உங்களுக்கு வந்த படம் அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

ஊர்க்குருவி எழுதியது:

ஒட்டவைத்தது 20-ஆம் நூற்றாண்டு, சரி. அதற்கு முன்னால் இந்த இரண்டு மரபுகளும் நேரில் சந்தித்ததே இல்லையா? பட்டுப்பாதையில் யூத வணிகர்கள் போனார்களே.

பழைய ஏடு எழுதியது:

போனது மட்டுமில்லை குருவி, தங்கியும் விட்டார்கள். கைஃபெங் நகரில் 1163-இல் தொழுகைக்கூடம் கட்டினார்கள். அங்கே 1489-இல் நட்ட கல்வெட்டில், சீனப் புராணத்தின் ஆதி மனிதன் பான்குவோடு ஆதாமைச் சேர்த்து எழுதி, ஆபிரகாமை அவனிலிருந்து பத்தொன்பதாம் தலைமுறை என்கிறார்கள். 1512-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தொழுகைக்கூடத்தின் பெயரே ‘தாவோவின் மறைநூல்களைப் போற்றும் ஆலயம்’. தங்கள் வேதத்துக்குத் தாவோ என்ற சொல்லைத் தயங்காமல் எடுத்துக்கொண்ட சமூகம். ஆனால் அந்தக் கற்களில் செஃபிரோத் இல்லை. அவர்கள் பேசுவது வழிபாடு, நோன்பு, முன்னோர் வரிசை. எனவே வரைபடங்கள் சந்தித்த இடம் கைஃபெங் இல்லை.

ஒரே மனிதரின் மேசைக்கு இரண்டும் வந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு: ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ். கபாலா நூல்களை லத்தீனில் பெரிய தொகுதிகளாக (1677, 1684) வெளியிட்ட க்னோர் ஃபோன் ரோசன்ரோத்தை 1688-இல் சுல்ஸ்பாகில் போய்ப் பார்த்தார். பெய்ஜிங்கிலிருந்து புவே என்ற இயேசு சபைத் துறவி அனுப்பிய, சோங் காலத்து அறிஞர் ஷாவ் யோங் முறைப்படி அடுக்கிய யிஜிங்கின் 64 வடிவங்களின் படம் 1703-இல் அவர் கைக்கு வந்தது. முழுக்கோடும் உடைந்த கோடும் கொண்ட அந்த அடுக்கில் தன்னுடைய 0, 1 எண்முறையைக் கண்டு பூரித்துப்போனார். புவேக்கோ யிஜிங்கில் விவிலியத்தின் மறைபொருள் புதைந்திருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கை. ‘எல்லாம் ஒன்றே’ என்ற ஆசை அப்போதே இருந்திருக்கிறது.

நெய்தல் எழுதியது:

வரலாறு தெளிவாகிவிட்டது. இனி அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாகப் பார்ப்போம். நான் பல காலமாகச் செய்துவரும் வேலை இது. ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன்.

ஜோ துன்யியின் மூன்றாம் அடுக்கில் நெருப்பு இடப்பக்கம் மேலே, நீர் வலப்பக்கம் மேலே. நெருப்பின் கீழ் மரம், நீரின் கீழ் உலோகம், நடுவில் மண். ஏன் இப்படி என்பதற்கு, சோங் காலத்துக் கன்பூசிய அறிஞர் ஜூ ஷி இந்தப் படத்துக்கு எழுதிய உரையில் காரணம் சொல்கிறார்: யாங் நிறைந்தது நெருப்பு, அதனால் இடம், யின் நிறைந்தது நீர், அதனால் வலம்.

இப்போது செஃபிரோத் மரம். ஹெஸெத் வலப்பக்கம், கெவுரா இடப்பக்கம். ஸோஹர் மரபில் ஹெஸெத்துக்கு உரிய பூதம் நீர், கெவுராவுக்கு உரியது நெருப்பு, திஃபெரெத்துக்குக் காற்று. அதாவது இங்கேயும் நெருப்பு இடம், நீர் வலம்! முதலில் பார்க்கும் யாருக்கும் மெய்சிலிர்க்கும். இடம் அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது.

ஆனால் பொருள் தலைகீழ். சீனத்தில் நெருப்பு யாங், ஆண், விரிவது. நீர் யின், பெண், ஒடுங்குவது. கபாலாவில் தடையில்லாமல் பாய்ந்து விரிவது நீர்தான். ஆபிரகாமின் வற்றாத கருணை அது, ஆண் பக்கம். நெருப்பு என்பது எல்லை போடும் தீர்ப்பு. ஈசாக்கின் அச்சம், பெண் பக்கம். ‘யாங் = ஹெஸெத்’ என்று ஒட்டினால் நெருப்பும் நீரும் இடம் மாறிப்போகும். ‘நெருப்பு = நெருப்பு’ என்று ஒட்டினால் ஆணும் பெண்ணும் மாறிப்போகும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் அந்தப் படத்தை வரையவே முடியாது.

ஊர்க்குருவி எழுதியது:

அருமை நெய்தல் அக்கா. இதிலிருந்தே இன்னொரு கேள்வி. இடப்பக்கம் கண்டிப்பு என்றால், அது கெட்ட பக்கமா? யின்னை யாரும் கெட்டது என்று சொல்வதில்லையே.

நெய்தல் எழுதியது:

கெட்ட பக்கம் இல்லை. எல்லை போடாத அருளால் உலகம் நிற்காது. ஆனால் கெவுரா, ஹெஸெத்தின் பிடியிலிருந்து விலகித் தனியே மூளும்போது ‘மறுபக்கம்’ அங்கேதான் வேர்பிடிக்கிறது என்று ஸோஹர் சொல்லும். தீமைக்கு ஓர் ஊற்றுவாய், அதுவும் இறைவனின் பண்புகளுக்கு உள்ளேயே. நினைத்துப் பார்த்தால் நடுங்கவைக்கும் துணிச்சல் அது. தைஜி வரைபடத்தில் அப்படி ஒரு புள்ளியை வைக்க இடமே கிடையாது. யின் மிகுந்தால் யாங் திரும்பும், அவ்வளவுதான். ஜோ துன்யியின் விளக்கத்தில் நன்மை தீமை என்ற பேச்சு மனிதன் பிறந்து, அவனுடைய ஐந்து இயல்புகள் வெளிப்பொருளால் அசைக்கப்பட்ட பிறகுதான் வருகிறது.

தெற்குவாசல் எழுதியது:

நெய்தல் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் கட்டம் கட்டமாகப் பார்த்தால் எந்த இரண்டு படமும் பொருந்தாது. இயக்கத்தைப் பாருங்கள். இரண்டு மரபிலும் வரைபடத்தை மேலிருந்து கீழாகவும் படிக்கிறார்கள், கீழிருந்து மேலாகவும் படிக்கிறார்கள்.

சென் துவான் (மறைவு 989) ஹுவா மலையில் இருந்த தாவோயியத் துறவி. சிங் காலத்து ஹுவாங் சோங்யான் சொல்வது இது: ஜோ துன்யியின் படம் உண்மையில் சென் துவானின் வூஜி (எல்லையின்மை) வரைபடம், அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் ‘மறைபெண்மையின் வாயில்’. அடுத்து உயிர்ச்சத்தை மூச்சாக்கி, மூச்சை ஆவியாக்கும் படி. பிறகு ஐந்து மூச்சுகள் மூலத்தை வணங்கும் படி. அப்புறம் நீரின் நடுக்கோட்டை எடுத்து நெருப்பின் நடுவில் நிரப்பும் படி. உச்சியில் ஆவி வெறுமைக்குத் திரும்பி வூஜியை அடைகிறது. தன் உடலுக்குள்ளேயே ரசவாதம் செய்து சாகாநிலை தேடும் உள்ரசவாதியின் ஏணி. ஜோ துன்யி அதைக் கவிழ்த்து, உலகம் தோன்றிய கதையாக்கினாராம்.

சஃபேத் நகரின் கபாலாவாதி மோசே கோர்தோவெரோவும் (1522–1570) இதையேதான் சொல்கிறார். மேலிருந்து இறங்கும் நேர் ஒளி, மல்ஹூத்தில் பட்டு மேலே ஏறும் திரும்பும் ஒளி. இறங்குவது உலகம், ஏறுவது மனிதன். இதைவிடப் பெரிய ஒற்றுமை என்ன வேண்டும்?

பழைய ஏடு எழுதியது:

தெற்குவாசல் ஐயா, ஹுவாங் சோங்யான் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். சென் துவானுக்குப் பின் சுமார் ஏழு நூற்றாண்டு. கன்பூசியத்தின் மடியில் தாவோயியச் சரக்கு கலந்துவிட்டது என்று காட்டுவது அவருக்குத் தேவையாக இருந்தது. படம் சென் துவான் வழியில் வந்தது என்ற பேச்சு 12-ஆம் நூற்றாண்டின் ஜூ ஜென் காலத்திலேயே உண்டு, ஆனால் கவிழ்த்த கதையை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. இந்தச் சண்டை சோங் காலத்திலேயே சூடாக நடந்தது. 1188-இல் லூ ஜியூயுவான், ஜூ ஷிக்கு எழுதிய கடிதங்களில், வூஜி லாவோசியின் சொத்து, நம் முனிவர்கள் அப்படிப் பேசவே இல்லை என்று கடுமையாக வாதாடினார்.

ஆனாலும் உங்கள் ஏணிக் கருத்து எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ரசவாதிகள் அந்த ஐந்து படிகளைக் கீழிருந்து ஏறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி, ஏறி எங்கே போகிறார்கள் என்பதில்தான். ரசவாதி பிறப்பதற்கு முன்னிருந்த நிலைக்குத் திரும்புகிறான். ஐசக் லூரியாவின் (1534–1572) கபாலாவில் அப்படித் திரும்புவதற்கு ஓர் இடமே இல்லை. தொடக்கத்திலேயே ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்துவிட்டன. பொறிகள் ஓட்டுச் சில்லுகளோடு சேர்ந்து கீழே விழுந்து கிடக்கின்றன. மனிதன் ஒவ்வொரு கட்டளையாலும் வேண்டுதலாலும் அவற்றைப் பொறுக்கி மேலே அனுப்புகிறான். அந்தச் சீரமைப்புக்கு திக்குன் என்று பெயர். அது முடியும்போது கிடைப்பது பழைய நிலை இல்லை, இதுவரை ஒருநாளும் இல்லாத நிலை.

தெற்குவாசல் எழுதியது:

உடைவு சீனத்தில் இல்லையா? தாவோயிய நூலான ஜுவாங்சியின் ஏழாம் இயலை எடுங்கள். வட கடல் வேந்தனும் தென் கடல் வேந்தனும் நடுநாட்டு வேந்தனான ஹுன்துன் வீட்டில் நல்ல விருந்து உண்கிறார்கள். எல்லோருக்கும் கண், காது, மூக்கு, வாய் என்று ஏழு துளைகள் இருக்க, இவனுக்கு ஒன்றுகூட இல்லையே என்று, நன்றிக்கடனாக ஒரு நாளைக்கு ஒன்றாகத் துளையிடுகிறார்கள். ஏழாம் நாள் ஹுன்துன் செத்துப்போகிறான். ஆதி முழுமை உடைந்த கதை இல்லாமல் வேறென்ன?

பழைய ஏடு எழுதியது:

நல்ல உதாரணம், அதிலேயே வேறுபாடும் இருக்கிறது. ஹுன்துனைக் கொன்றது விருந்தாளிகளின் நல்லெண்ணம். துளையிடாமல் இருந்திருக்கலாம், தாவோயியன் துளையிடுவதை நிறுத்தக் கற்றுக்கொள்கிறான். லூரியாவின் பாத்திரங்களை வெளியாள் யாரும் உடைக்கவில்லை. படைப்பு நடக்க வேண்டுமென்றால் அந்த உடைவைத் தாண்டித்தான் வரவேண்டும். முதலாவதில் கையைக் கட்டிக்கொள்வது ஞானம், இரண்டாவதில் கை ஓயாமல் வேலை செய்வது கடமை.

மரநிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏறும் படி என்றதும் உடம்பு ஞாபகம் வருகிறது. இரண்டிலும் வரைபடத்தை உடம்பின்மேல் படிப்பதும் உண்டல்லவா?

காகிதக்கப்பல் எழுதியது:

உண்டு. தாவோயியத்தில் இதற்குச் சிறந்த சாட்சி நெய்ஜிங் தூ என்னும் உடலின் உள்வரைபடம். பெய்ஜிங் வெள்ளை மேக ஆலயத்தில் 1886-இல் லியூ செங்யின் கல்லில் பொறித்தார். முதலில் பார்த்தால் மலைக்காட்சி ஓவியம். உற்றுப் பார்த்தால் தியானத்தில் அமர்ந்த ஒருவரின் பக்கவாட்டு உடல், மலைத்தொடர்தான் முதுகெலும்பு. அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் நீர்ச்சக்கரத்தை மிதிக்கிறார்கள், யின்னும் யாங்கும். நீர் கீழே ஓடாமல் முதுகுத்தண்டு வழியே மேலே ஏறுகிறது. வயிற்றில் இரும்பு எருது ஒன்று பொற்காசு விதைக்க நிலத்தை உழுகிறது. நெஞ்சருகே ஒரு சிறுவன் விண்மீன்களைக் கோக்கிறான், அவனுக்குக் கீழே நெசவுப்பெண் இராட்டை சுற்றுகிறாள். தலைக்குள் லாவோசி அமர்ந்திருக்க, கீழே நீலக்கண் துறவி இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். ஒரே உடம்புக்குள் ஒரு கிராமமே வேலை செய்கிறது. தாவோயிய வரைபடங்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கபாலாவில், ஸோஹர் மரபின் திக்குனே ஸோஹர் என்ற நூலில் தீர்க்கதரிசி எலியாவின் வாயில் வைத்த பகுதி ஒன்று இருக்கிறது. ஹெஸெத் வலக்கை, கெவுரா இடக்கை, திஃபெரெத் உடல், நேட்சாவும் ஹோதும் இரு கால்கள், யெஸோத் உடன்படிக்கையின் அடையாளம், மல்ஹூத் வாய். பல யூதச் சமூகங்களில் இன்றும் தொழுகைக்கு முன் ஓதுகிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். நெய்ஜிங் தூவில் இருப்பது தியானிப்பவரின் சொந்த உடம்பு. சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பெயரோடு வருகின்றன. எலியாவின் பகுதியில் கைகால்கள் இறைவனின் வெளிப்பாட்டுக்கு. உருவம் செய்யாதே என்ற கட்டளைக்குள் வாழும் ஒரு சமூகம், அவனுக்குக் கையும் காலும் சொல்லி, எயின் ஸோஃபுக்கு உருவமே இல்லை என்றும் அழுத்துகிறது. பல இலனோத் சுருள்களில் உருவம் இல்லாமல் வட்டமும் எழுத்தும் மட்டுமே நிறைந்திருப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

தெற்குவாசல் எழுதியது:

இத்தனை பேர் வேறுபாட்டுக்கு வாதாடும்போது ஒற்றுமைக்காக ஒரு கடைசி ஓலை. செஃபெர் யெட்சிரா முதல் இயல்: அவற்றின் முடிவு தொடக்கத்தில் செருகியிருக்கிறது, தொடக்கம் முடிவில், தணலைப் பற்றிய சுடர் போல. ஜோ துன்யியின் படத்திலோ உச்சி வட்டமும், அடியில் ஆண்-பெண் வட்டமும், பத்தாயிரம் பொருள் வட்டமும் ஒரே அளவு, ஒரே வெறுமை. கோட்டில் எந்த வித்தியாசமும் கிடையாது. ஜூ ஷியும் அதையேதான் சொல்கிறார்: ஒவ்வொரு பொருளிலும் தைஜி முழுமையாக இருக்கிறது. தொடக்கமே முடிவு. இரண்டு மரபும் இங்கே ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றன.

நெய்தல் எழுதியது:

தெற்குவாசல் அண்ணா, இந்த இழையிலேயே வலுவான வாதம் இதுதான். இதற்குப் பதில் மரத்தில் கிடைக்காது. கபாலாவின் இன்னொரு வரைபடத்தை எடுக்க வேண்டும், தைஜிக்கு நேர் எதிரே வைக்கத் தகுந்தது அதுதான்.

லூரியாவின் போதனையை அவருடைய சீடர் ஹயிம் வித்தால் (1542–1620) எழுதிவைத்தார். அதில் உலகம் வெளிப்பாட்டில் தொடங்குவதில்லை, விலகலில் தொடங்குகிறது. எங்கும் நிறைந்த எயின் ஸோஃப் தன்னை நடுவிலிருந்து ஒதுக்கிக்கொள்கிறது. இதுவே ட்ஸிம்ட்ஸும். ஒதுங்கிய இடத்தில் உருண்டையான வெறுமை. பிறகு மேலிருந்து மெல்லிய ஒரு கோடாக ஒளி உள்ளே வருகிறது. இதை வரைந்தால் என்ன கிடைக்கும்? ஒரு வெற்று வட்டம், உச்சியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கோடு. செஃபிரோத் அந்தக் கோட்டைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகின்றன.

ஆக, இரு மரபிலும் தொடக்கத்தில் ஒரு வெற்று வட்டம். ஜோ துன்யியின் வட்டம் வெறுமையாக இருப்பது இன்னும் எதுவும் பிரியாததால். எல்லாம் அதற்குள் இருக்கிறது. வித்தாலின் வட்டம் வெறுமையாக இருப்பது அங்கிருந்த ஒருவன் நமக்காக விலகிப் போனதால். எல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது. தாளில் இரண்டும் ஒரே கோடு. கபாலாவாதி தன் வட்டத்தின் உட்புறத்தைப் பார்க்கும்போது அங்கே ஒருவரின் இல்லாமையைப் பார்க்கிறான். ஜோ துன்யி பார்ப்பது யாருடைய இல்லாமையையும் அல்ல.

தொடக்கமும் முடிவும் ஒன்று என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அந்தக் கோடு வட்டத்தின் அடியைத் தொடுவதில்லை என்று வித்தால் குறிப்பாக எழுதுகிறார். மேல் முனை மட்டுமே எயின் ஸோஃபைத் தொடுகிறது. கீழ் முனையும் தொட்டுவிட்டால் மேல் எது, கீழ் எது என்ற பேச்சே போய்விடும். கொடுப்பவனும் பெறுபவனும் என்ற உறவும் போய்விடும். தணலும் சுடரும் பிரியாதவைதான், ஆனால் சுடர் எந்தப் பக்கம் என்பது கபாலாவாதிக்குக் கடைசிவரை முக்கியம். அவனுடைய வேண்டுதல் ஏறிப் போக ஒரு மேல்பக்கம் வேண்டும்.

ஜோ துன்யிக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் உச்சி வட்டத்தையும் அடி வட்டத்தையும் கூசாமல் ஒரே அளவில் வைக்க முடிந்தது. மரநிழல், அடுத்த முறை அந்தப் படம் வந்தால் மரத்தையும் மீன்களையும் விட்டுவிட்டு, இந்த இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அனுப்புங்கள். ஒன்றில் கோடு இருக்கட்டும், அடியைத் தொடாமல்.